சுவரில் ஒட்டப்போகும் தாள்: பீன்யா டி.டி.பி. தொழிலன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரின் பீன்யாவிலும், அதை அடுத்த தாசரஹள்ளி, ஜாலஹள்ளி கிராஸ், ராஜகோபால நகர், லக்கெரே ஆகிய இடங்களிலும் டி.டி.பி. நிலையம் நடத்தும் அன்பர்களுக்கும், அங்கே கணினியின் முன் அமர்ந்து எழுத்துக் கோக்கும் சகோதர சகோதரிகளுக்கும் இந்த மடல்.

ஈயத்தில் வார்த்த எழுத்துக்களைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்கித் தொழில் பழகியவன் நான். காலம் மாறியபோது அதே தொழிலைப் பேஜ்மேக்கர் மென்பொருளின் முன் அமர்ந்து இரண்டாம் முறையாகக் கற்றுக்கொண்டு, பீன்யாவிலேயே பல ஆண்டுகள் அதனால் குடும்பத்தைக் காப்பாற்றி, இப்போது கண்ணும் கையும் தளர்ந்து ஓய்ந்திருக்கிறேன். தொழிலில் இருந்த நாளில் ஒரு வேலை முடியுமுன் மறுவேலை வந்து நிற்குமாதலால், நின்று சிந்திக்க அவகாசம் வாய்த்ததில்லை, இப்போது வாய்த்திருக்கிறது. உங்களுள் பெரும்பாலோர் கணினியை என்னைவிட நன்கு அறிந்தவர்கள்; ஆகையால் கருவியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நம் கையைவிட்டு வெளியேறும் தாளை யார் பார்க்கிறார், எங்கே நின்று பார்க்கிறார், எந்த மொழியில் படிக்கிறார் என்பதை, முதல் எழுத்தைத் தட்டுவதற்கு முன்பே நாம் கேட்டறிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே விஷயத்தைத்தான், சற்று விரிவாகவே, உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இது எனக்கு விளங்கிய விதத்தை முதலில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பவர் பிரஸ் வைத்துத் தகடு வெட்டும் ஒரு சிறு தொழிற்சாலையிலிருந்து, இயந்திரங்களின் அருகே ஒட்டுவதற்கென்று ஒரு பாதுகாப்பு அறிவிப்பைக் கோத்துத் தரும்படி வேலை வந்தது. மேலும் கீழுமாக வந்து மூடும் அச்சுக்களிடையே கை வைக்கலாகாது, தடுப்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டலாகாது, சிக்கிய தகட்டை எடுக்குமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பன போன்ற பத்து விதிகள். அவை கன்னடம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே ஏ4 தாளில் அடங்க வேண்டும். மிகுந்த சிரத்தையோடுதான் அந்த வேலையைச் செய்தேன். நான்கு புறமும் பூக்கொடி பார்டர் போட்டேன். தலைப்பைச் சாய்த்து, நிழல் கொடுத்து, அடியில் கோடும் இழுத்தேன். எல்லா வரிகளையும் 10 பாயிண்டில், இரு ஓரமும் நேராக நிற்கும்படி நிரப்பினேன். முதலாளி பார்த்து மகிழ்ந்து, லாமினேட் செய்து எடுத்துச் சென்றார். சில வாரங்கள் கழித்து, பில் புத்தகம் கொடுக்கும் பொருட்டு அதே தொழிற்சாலைக்குச் சென்றபோது, அந்தத் தாள் இயந்திரத்துக்குப் பின்னாலுள்ள சுவரில், எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த ட்யூப் லைட்டின் கீழே, தொழிலாளர் நிற்குமிடத்திலிருந்து எட்டடி தூரத்தில் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். கோத்தவனாகிய எனக்கே அங்கு நின்று பார்க்கையில் தலைப்பைத் தவிர ஒரு சொல்லும் தெரியவில்லை. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய வயதான தொழிலாளி ஒருவர், “ஆயுத பூஜை நோட்டீஸ இன்னும் கிழிக்காம வச்சிருக்காங்க சார், நீங்க போட்டதுதானா?” என்று என்னைக் கேட்டார். பூக்கொடியைப் பார்த்து, அது பூஜை அறிவிப்பென்றே அத்தனை நாளும் அவர் எண்ணியிருந்தார்.

அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை. அந்தத் தாளில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, மை பரவவில்லை, ஓரம் பிசகவில்லை. பணம் கொடுத்தவர் அதைப் பார்த்து மகிழ்ந்தார், கோத்த நானும் மகிழ்ந்தேன். யாருடைய கைவிரல்களைக் காப்பதற்காக அது அச்சானதோ அவர் ஒருவருக்கு மட்டும் அது எட்டவேயில்லை. நம் தொழிலில் பணம் கொடுப்பவர் ஒருவராகவும் படிப்பவர் மற்றொருவராகவும் இருப்பது எவ்வளவு சாதாரணம் என்பதையும், நம்முடைய மேஜைக்கு முன் வந்து நிற்பவர் எப்போதும் முன்னவரே என்பதையும், பின்னவருக்காகப் பேச அந்த வேளையில் நம்மைத் தவிர வேறு யாருமில்லை என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

சட்டம் இயற்றியவர்களுக்கு இந்த உண்மை தெரிந்தேயிருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அதன் 108-ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளருள் பெரும்பாலோருக்கு விளங்கும் ஒரு மொழியிலும் இருக்கவேண்டும் என்றும், பிரதான வாயிலிலோ அதன் அருகிலோ கண்ணில் படும் வசதியான இடத்தில் வைக்கப்படவேண்டும் என்றும், தூய்மையாகவும் படிக்கத்தக்க நிலையிலும் பேணப்படவேண்டும் என்றும் விதித்தது. மொழி, இடம், தெளிவு என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்ட அந்தப் பிரிவைவிடச் சுருக்கமான வடிவமைப்புப் பாடம் ஒன்றை நான் கண்டதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளோ இன்னும் ஒரு படி மேலே சென்று, அபாய அறிவிப்பில் ஹிந்தி அல்லது ஆங்கிலத்தோடு மாவட்டத்து மொழியையும், அவற்றோடு மண்டையோடும் எலும்பும் கொண்ட சித்திரத்தையும் கட்டாயமாக்கின. எந்த எழுத்தும் அறியாதவனும் மின்கம்பத்தின் கீழே நிற்கக்கூடும் என்று யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில், எழுத்தறியாத கோடிக்கணக்கான வாக்காளர்களை எண்ணிச் சின்னங்களை அமைத்தபோதும் இதே நினைப்புத்தான் வேலை செய்தது.

நம்முடைய தொழிலின் வரலாற்றிலேயே இதற்கு மூத்த உதாரணங்கள் உண்டு. டி.டி.பி. என்ற தொழிலைத் தொடங்கிவைத்த பேஜ்மேக்கர் 1985-இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட கம்பெனிக்கு அதை நிறுவிய பால் பிரெய்னர்ட் வைத்த பெயர் ஆல்டஸ். அது வெனிஸ் நகரத்து அச்சகராகிய ஆல்டஸ் மனூஷியஸின் பெயர். மேஜைமேல் விரித்து வைத்துப் படிக்கவேண்டிய பெரிய நூல்களே வழக்கிலிருந்த காலத்தில், 1501-இல் வர்ஜிலின் கவிதைகளைக் கையிலடங்கும் சிறு நூலாக அவர் வெளியிட்டார். படிப்பவன் நூலைக் கையில் ஏந்திக்கொண்டு உலாவவும் பயணம் செய்யவும் கூடும் என்ற எண்ணமே அந்த அளவைத் தீர்மானித்தது. ஆக, நாம் ஆண்டுக்கணக்காகத் திறந்து மூடிய மென்பொருளின் நெற்றியிலேயே, வாசகனை நினைத்துத் தாளின் அளவை வகுத்த ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. நம் தமிழிலும் இதற்கு நிகரான செய்தி உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துக்கள் மிகப் பருமனாயிருந்தமையால், காகிதம் கட்டுப்படியாகாதென்று கண்ட மதபோதகர் சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்த்துக்கொண்டு, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். கையில் வைத்துப் படிக்கும் நூலுக்கு எழுத்துச் சிறுத்தால் குற்றமில்லை. எட்டடிக்கு அப்பால் நிற்பவனுக்காகச் சுவரில் ஒட்டும் தாளிலோ அதே சிறுமை அந்தத் தாளையே இல்லாததாக்கிவிடுகிறது. நீங்கள் நன்கறிந்ததுதான்: 72 பாயிண்ட் சேர்ந்தால் ஒரு அங்குலம். அந்த அங்குலமும் எழுத்தின் உடலுக்கு மட்டும் உரியதன்று. மேலே ஏறும் ஈகார விலங்குக்கும் கீழே இறங்கும் உகரக் கோட்டுக்கும் ஒதுக்கிய இடமும் அதில் அடக்கம்.

தாளிலே எழுத்தில்லாத இடத்தைப் பற்றிச் சற்று நின்று பேச எனக்கு ஆசை. ஈய எழுத்துக் காலத்தில் வெற்றிடம் என்பது வெறுமையன்று. அதற்கு எடை உண்டு. சொல்லுக்குச் சொல் விட்ட இடைவெளி ஒரு ஈயக் கட்டை. வரிக்கும் வரிக்கும் நடுவே செருகியது ஒரு ஈயத் தகடு, அதை லெட் என்போம். ஓரத்தில் விட்ட மார்ஜினுக்கு ஃபர்னிச்சர் என்று பெயர் பெற்ற மரக்கட்டைகள். அவற்றை எல்லாம் கையால் எடுத்து வைத்து முடுக்கினால்தான் பக்கம் சிதறாமல் நிற்கும். வெள்ளை இடமே கறுப்பு எழுத்தைத் தாங்குகிறது என்பதை எங்கள் தோள்கள் அறிந்திருந்தன. கணினியில் வெற்றிடத்துக்கு எடையில்லாமற் போய்விட்டது. எடையில்லாததை மறப்பது எளிது. வாடிக்கையாளரும், தாள் முழுமைக்கும் பணம் கொடுத்தோமே, இந்த மூலை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்கிறார். நாமும் அங்கே ஒரு பூவையோ, ஒரு கோலத்தையோ, கம்பெனிச் சின்னத்தின் இன்னொரு பிரதியையோ வைத்து அவர் வாயை அடைக்கிறோம். அவ்வாறு நிரப்பிய தாளில், எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் கண் திகைக்கிறது. கண் திகைத்தால் கால் நகர்ந்துவிடுகிறது.

ஒன்றோடொன்று சேர்ந்த செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும், சேராதவை விலகி நிற்கவேண்டும், ஓரம் ஒரே கோட்டில் இறங்க வேண்டும், முக்கியமானது மற்றவற்றினின்று ஐயத்துக்கிடமின்றி வேறுபட்டுத் தோன்றவேண்டும் என்பன எல்லாம் வடிவமைப்பு நூல்களில் முதல் அத்தியாயத்தில் வரும் சங்கதிகள்; உங்களுக்குப் புதியன அல்ல. ஆனால் அவை யாருக்காக என்ற கேள்வியை விட்டுவிட்டால் அவையும் அலங்காரமாகிவிடுகின்றன. பந்தியில் இலை போட்டுப் பரிமாறும் முறையை நினைத்துப் பாருங்கள். உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே, கறிவகை எந்தப் பக்கம், சோறு எந்தப் பக்கம் என்று உண்பவன் தேடுவதேயில்லை. பேச்சிலே கவனமாயிருந்தாலும் அவன் கை உரிய இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரே தொழிற்சாலைக்கு நாம் செய்து தரும் அறிவிப்புகள் எல்லாவற்றிலும், அபாயம் எப்போதும் மேலே, செய்யவேண்டியது அதன் கீழே, யாரிடம் சொல்லவேண்டும் என்பது கடைசியில் என்று ஒரு நிலையான ஒழுங்கு இருந்தால், எலெக்ட்ரோபிளேட்டிங் தொட்டியில் அமிலம் தெறித்துக் கண் எரியும் வேளையில், பக்கத்தில் நிற்பவன் தேடாமலே கண்டடைவான். மாதத்துக்கு ஒரு புது அழகு வேண்டும் என்று நாம் மாற்றி மாற்றிப் போடுவது அவனுக்குச் செய்யும் உபகாரமன்று.

தமிழெழுத்துக்கே உரிய சில சிரமங்கள் உண்டு. அவற்றைத் தனியே சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் முக்கியமான சொல்லைச் சாய்க்கிறார்கள் என்று நாமும் சாய்க்கிறோம். ஆங்கிலத்தின் சாய்வெழுத்து இத்தாலியரின் கையெழுத்திலிருந்து பிறந்து, மேலே சொன்ன ஆல்டஸின் நூல்களிலேதான் முதன்முதலில் அச்சேறியது. தமிழுக்கு அத்தகைய பிறப்பு இல்லை. நேராக நிற்க வரைந்த எழுத்தை இயந்திரம் தள்ளிச் சாய்க்கும்போது அதன் சுழிகள் நசுங்குகின்றன, அவ்வளவே. அடிக்கோடு அதனினும் தீது: பு, சு, வு ஆகியவற்றில் கீழிறங்கும் கோடு அதிலே மோதி மறைந்து, புகரம் பகரமாகத் தோன்றும். சிறிய அளவில் போல்ட் கொடுத்தால் சுழிகளில் மை நிரம்பி, மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றாகிவிடும். நம்முடைய சொற்களோ நீளமானவை. ‘இயக்கிக்கொண்டிருக்கும்பொழுது’ என்பது ஒரே சொல். குறுகிய பத்தியில் இரு ஓரமும் நேராக நிற்கவேண்டும் என்று ஜஸ்டிஃபை செய்தால், அத்தகைய சொல்லுக்கு முந்திய வரி பல் விழுந்த வாய்போல் இளிக்கிறது. இடப்பக்கம் மட்டும் நேராக விட்டு, வலப்பக்கத்தை அதன் இயல்பிலே விடுவதே நல்லது. சொல்லைப் பிரித்தே தீரவேண்டுமானால், புள்ளி வைத்த எழுத்தைக் கொண்டு அடுத்த வரியைத் தொடங்காதீர்கள்; என் ஆசான் இந்தப் பிழைக்காக கோத்த எழுத்துக்கள் நின்ற காலி என்னும் தட்டு முழுவதையும் கலைத்துப் போட்டுத் திரும்பக் கோக்கச் செய்தார். கன்னடத்துக்கோ, எழுத்தின் காலடியில் தொங்கும் ஒத்தக்ஷரத்துக்காக, தமிழைக் காட்டிலும் அதிகமான வரி இடைவெளி வேண்டும். மூன்று மொழிகளையும் ஒரே அளவிலும் ஒரே இடைவெளியிலும் அமைத்தால், கணினிக்குச் சமமாகத் தோன்றும், கண்ணுக்குச் சமமாயிராது.

மொழியைப் பற்றிப் பேசும்போது நாம் வாழும் ஊரை மறக்கலாகாது. 2024-இல் திருத்தப்பட்ட சட்டம், கர்நாடகத்து வணிக நிலையங்களின் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடமாயிருக்கவும், அது பலகையின் மேற்பகுதியில் அமையவும் விதிக்கிறது. இதை ஒரு தொல்லை என்று கருதி, மேலே கன்னடத்தை ஏதோ ஒரு ஃபாண்டில் இட்டு நிரப்பிவிட்டுக் கலைத்திறமை முழுவதையும் கீழேயுள்ள ஆங்கிலத்தில் காட்டும் பலகைகள் தும்கூரு சாலை நெடுகிலும் காணக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் நோகிறது. நமக்குச் சோறு போடும் ஊரின் மொழிக்கு நல்ல எழுத்தைத் தேடிக் கொடுப்பதும், பிழையறக் கோப்பதும், கன்னடம் அறிந்த ஒருவரிடம் புரூஃப் காட்டுவதும் நம் கடமை. மேலும், இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். தமிழ் அவர்களுக்குக் காதுக்குத் தெரியுமேயன்றிக் கண்ணுக்குத் தெரியாது. தமிழ்த் தொழிலாளர் நிறைந்த இடம் என்று சொல்லித் தமிழில் மட்டும் ஒட்டிய தாள், அந்தத் தமிழருள்ளேயே பாதிப்பேருக்கு ஊமையாகிவிடக்கூடும். இப்போது தையல் ஆலைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் ஒடிஷாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருப்பவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். நேற்று யார் வேலை செய்தார்கள் என்பதைக்கொண்டு இன்றைய தாளைக் கோக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கல்யாணப் பத்திரிகையில் இந்தக் கேள்வியை நாம் இயல்பாகவே கேட்கிறோம் என்பது எனக்கு எப்போதும் ஆறுதலளிக்கும் விஷயம். தர்மபுரியிலுள்ள பெரியப்பாவுக்குத் தமிழ், பெண்ணோடு வேலை செய்பவர்களுக்குக் கன்னடம் அல்லது ஆங்கிலம், என்று இரண்டு முகமாக அடிக்கிறோம். முதியவர் கண்ணாடி போடாமல் படிக்கும்படி முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் பெரிதாக வைக்கிறோம். பீன்யா மெட்ரோவில் இறங்கி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று படம் போட்டும் காட்டுகிறோம். அங்கே வாசகர் நம் கண்முன் நிற்கிறார், ஏனெனில் அவர் உறவினர். அதே பத்திரிகை இப்போது கைபேசியிலும் போவதால், தாளுக்குச் செய்ததையே சுருக்கி அனுப்பாமல், சிறு திரைக்கென்று தனியே, சில சொற்களோடு, யூனிகோடு எழுத்தில் ஒன்றைச் செய்து தருவது நல்லது. பழைய ஃபாண்டில் அடித்த தமிழ், அந்த ஃபாண்ட் இல்லாத கருவியில் பொருளற்ற குறிகளாகிச் சிதறிப்போவதை நீங்கள் அனைவரும் அனுபவித்திருப்பீர்கள்.

அந்தப் பவர் பிரஸ் அறிவிப்பை என் செலவிலேயே திரும்பக் கோத்தேன். பத்து விதிகளையும் டைம் ஆபீஸ் அருகே, நின்று படிக்க அவகாசமுள்ள இடத்தில் ஒட்டுவதற்கென்று தனித்தாளாக்கி, இயந்திரத்தருகே ஒட்டும் தாளில் ஒரே ஒரு விதியை மட்டும் வைத்தேன்: மேலே, மூடும் இரு தட்டுகளிடையே ஒரு கை, அதன்மேல் சிவப்பில் குறுக்குக் கோடு, அதன் கீழே கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, மற்றதெல்லாம் வெள்ளை. முதலாளி தயங்கினார், இவ்வளவு பெரிய தாளில் இவ்வளவுதானா என்று கேட்டார். பழைய தாளையும் புதிய தாளையும் எதிர்ச்சுவரில் ஒட்டிவிட்டு, அவரையே இயந்திரத்தருகே அழைத்துச்சென்று நிறுத்தினேன். அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளரோடு வாதாடுவதைக் காட்டிலும் அவரை வாசகர் நிற்குமிடத்தில் நிறுத்துவதே பலன் தரும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நீங்களும் முடிந்தபோது இதைச் செய்து பாருங்கள்.

அச்சுக்குப் போகுமுன், பூஜை நோட்டீஸ் என்று நினைத்த அதே தொழிலாளியிடம் புரூஃபைக் காட்டினேன். ‘அச்சுக்குள் கை வைக்காதே’ என்று நான் எழுதியிருந்தேன். அவர் நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அச்சுன்னா என்னா சார்? இங்க எல்லாரும் டைன்னுதான் சொல்லுவோம்” என்றார். ‘டைக்குள் கை வைக்காதே’ என்று மாற்றி அடித்தேன். ஒவ்வொரு பட்டறையிலும் இவ்வாறு அவர்கள் வாயில் வழங்கும் சொற்கள் வேறு வேறாக இருக்கின்றன. லேத் பட்டறையின் சொல் பிளேட்டிங் சாலையில் இல்லை, தையல் ஆலையின் சொல் வார்ப்படச் சாலையில் இல்லை. அகராதியில் இவற்றைத் தேடிப் பயனில்லை. உங்கள் வாடிக்கையாளர்களின் தொழிலாளர் வழங்கும் இத்தகைய சொற்களைத் தமிழிலும் கன்னடத்திலும் குறித்து வைத்திருப்போர், எனக்கு ஒரு தாளில் எழுதி அனுப்புவீர்களாயின், அவற்றை எல்லாம் தொகுத்து, பட்டறை வாரியாகப் பிரித்துக் கோத்து, இந்த வட்டாரத்து டி.டி.பி. நிலையங்கள் அனைத்துக்கும் ஒவ்வொரு பிரதி நானே கொண்டுவந்து கொடுக்கச் சித்தமாயிருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
முன்னாள் கம்பாசிட்டர் ஒருவன்